தொப்பியைத் தொட்டது யார்?

அந்தத் தொப்பி மட்டும் மனிதனாக இருந்திருந்தால், அன்று காலை செய்த காரியத்துக்குப் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள்.

“இன்னொரு தடவை போடுங்களேன்,” என்றாள் வாலு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அழவில்லை. சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர்.

எதிரே நின்ற, தங்கையோடு சேர்ந்து அந்தக் கம்பெனியை நடத்தும் அண்ணன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கேஸ் கொடுத்தவர் என்ற முறையில் அவருக்கு அந்த உரிமை உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனைத் தட்டினார்.

சுவரை அடைத்த திரையில் ஒரு குண்டு மனிதன், தொப்பியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டுக்கொண்டு ஒய்யாரமாக நடந்து வந்தான். கல் தடுக்கியது. தொப்பி எகிறியது. நியாயப்படி அது தலைக்கு மேலே ஒரு கணம் அந்தரத்தில் நிற்க வேண்டும். பிறகு வளைந்து பறந்து, ஓரத்தில் படுத்திருக்கும் நாயின் தலையில் உட்கார வேண்டும். நாய் எழுந்து பெரிய மனுஷன் மாதிரி குனிய வேண்டும். ஆனால் மேலே போன தொப்பி, அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தது போல் இறங்கி வந்து, குண்டு மனிதன் தலையில் நேராக, நறுவிசாக உட்கார்ந்தது. அப்புறம் அணைத்துவிட்டோம் என்று ஞாபகம் வந்தது போல் மறுபடி எகிறி நாயிடம் பறந்தது.

“காலைல பத்துப் பேர் உக்காந்திருந்தாங்க,” என்றார் அண்ணன்காரர். “குழந்தைங்களுக்குப் பாடப் படம் செய்யற பெரிய கம்பெனி. எல்லாரும் தப்பான இடத்துல சிரிச்சாங்க. அதுல ஒரு அம்மா கேட்டாங்க, ‘உங்க எடிட்டர் சாஃப்ட்வேர்ல இப்படி அதுவா ஏதாவது நடக்குமா?’ன்னு. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிக் காட்டறேன்னு கெஞ்சி அனுப்பினேன்.”

வாலு என்பது அவள் பெயர் இல்லை. ஆனால் பெற்றவர்களே அந்தப் பெயரை மறந்து வெகுகாலம் ஆகிறது. துப்பறியும் தொழிலில் அவளுக்கு முதலாளி, அவள் அக்காவின் வீட்டுக்காரர். ஊரில் அவரைத் ‘தூங்குமூஞ்சி’ என்பார்கள், அவளுக்கு அத்தான். இப்போதும் அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மூக்கின் மேல் ஊதா நிறப் பிரேம் போட்ட கண்ணாடி. அத்தானுக்கு வயசு திரும்புகிறது போலிருக்கிறது என்று வாலு நினைத்துக்கொண்டாள். அவர் யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்பது கட்டிக்கொண்டவளுக்கே தெரியாது. குறட்டை வந்தால்தான் நிச்சயம்.

“எந்த இடத்துல கோளாறு?” என்றார் அத்தான், கண்ணைத் திறக்காமலே.

அண்ணன்காரர் படத்தை நிறுத்தினார். திரையின் கீழ்ப்பாதியில் நீள நீளமாகக் கோடுகள். கோடுகளின் மேல் அங்கங்கே குட்டி வைரங்கள். “இதுதான் டைம்லைன். ஒவ்வொரு வைரமும் ஒரு கீஃப்ரேம். இந்த நொடியில தொப்பி இங்க இருக்கணும்னு ஒரு வைரம். அந்த நொடியில அங்க இருக்கணும்னு இன்னொண்ணு. நடுவுல எப்படிப் போறதுங்கறதை எடிட்டரே பாத்துக்கும். வெப்சைட்ல ஓடற படத்தை யார் வேணாலும் பிரௌசர்லயே இப்படிச் செஞ்சுக்கலாம். அதைத்தான் நாங்க விக்கறோம்.” விரலால் ஒரு வைரத்தைக் குத்தினார். “இது நேத்து மத்தியானம் வரைக்கும் இல்ல. யாரோ சொருகியிருக்காங்க.”

“வைரம் காணாமப் போன கேஸெல்லாம் பாத்திருக்கோம்,” என்றாள் வாலு. “ஒண்ணு கூடிப்போன கேஸ் இதுதான் முதல் தடவை. இல்ல அத்தான்?”

“ம்.”

அண்ணன்காரர் அந்த நகைச்சுவையைக் கண்டுகொள்ளவில்லை. அவள் மேஜைமேல் போட்டிருந்த விசிட்டிங் கார்டை விளிம்புக்கு நேராக நகர்த்தினார். அவள் காபிக் கோப்பையின் பிடியை அத்தானின் கோப்பைப் பிடி பார்த்த பக்கமே திருப்பினார். வாலுவுக்கு உள்ளுக்குள் அரித்தது. எழுந்து சோம்பல் முறிப்பது போல் சுவர்க் காலண்டரை முழங்கையால் இடித்துவிட்டு வந்தாள்.

“இந்தக் கம்ப்யூட்டரை யார் தொடலாம்?” என்றார் அத்தான்.

“நானும் என் தங்கச்சியும் மட்டும்தான். நான் அந்தப் படத்துல கை வெக்கறதே இல்ல சார். படம், எடிட்டர், உள்ள ஓடற புரோகிராம் எல்லாம் அவளோடது. பாக்க அழகா இருக்கணும்ல, அது மட்டும்தான் என் வேலை.” பேசிக்கொண்டே போய்க் காலண்டரை நேராக்கிவிட்டு வந்தார். “யார் மாத்தினாங்கன்னு எடிட்டரே பேர் போட்டுக் காட்டும். இந்த வைரத்துக்கு நேரா இருக்கறது என் தங்கச்சி பேர்.”

“எதுக்காக அவங்க தன் படத்தைத் தானே கெடுக்கணும்?” என்றாள் வாலு.

“முந்தாநாள் எங்களுக்குள்ள சண்டை. ‘ஒருநாள் நாலு பேர் முன்னாடி நீ அசிங்கப்படத்தான் போறே’ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா. ஆயிடுச்சு.” அவர் காபிக் கோப்பையை மறுபடி ஒரு நூல் நகர்த்தினார். “அவ ராப்பகலா இதைக் கட்டினா மேடம். நான் பாத்துக்கிட்டிருந்த நல்ல வேலையை விட்டுட்டு அவளை நம்பி வந்தேன். மத்தியானம் அவங்க மறுபடி வராங்க, கடைசி வாய்ப்பு. அதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரியணும். அவதான்னா, இன்னிக்கே இந்தப் படியை விட்டு இறங்கிடணும். அப்புறம் எனக்குத் தங்கச்சியே கிடையாது.”

வாலுவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை. இது தொப்பி கேஸ் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

பின்பக்க அறையில் தங்கை ஒரு பைக்குள் கீபோர்டைத் திணித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, வாய் மட்டும் திடமாக இருந்தது.

“இது ஒண்ணுதான் என் காசுல வாங்கினது. மத்ததெல்லாம் கம்பெனியோடது. அவனே வெச்சுக்கட்டும்.”

“பொறுங்க, இன்னும் யாரும் உங்களைப் போகச் சொல்லல,” என்றாள் வாலு.

“சொல்லுவான். போறதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லைங்க. நான் பண்ணலைன்னு அவன் வாயால சொல்லிட்டு அனுப்பட்டும். அது போதும்.”

அத்தான் சுவரோரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “அந்த வைரத்துக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டும்மா.”

தங்கை தன் லேப்டாப்பில் திறந்தாள். உதடு பிதுங்கியது. “இடம், நூத்தி எழுபத்தி மூணு புள்ளி ஆறு ரெண்டு... வால் மாதிரி போய்க்கிட்டே இருக்கு. யாரோ மவுஸால இழுத்திருக்காங்க. நான் இழுக்கவே மாட்டேன். நம்பரைத் தட்டுவேன். இருநூறுன்னா முழுசா இருநூறு. என் மத்த வைரத்தையெல்லாம் பாருங்க, ஒண்ணுலகூட புள்ளி இருக்காது.”

“சாய்வு?”

“சாய்வு...” அவள் குனிந்து பார்த்தாள். “சுத்தமா பூஜ்யம். நேர்கோட்டுக்குப் பக்கத்துல வந்தா டக்குனு நேரா பிடிச்சுக்கற மாதிரி ஒரு வசதி இருக்கு. அதுல விழுந்திருக்கு.”

“முந்தாநாள் சண்டை எதுக்கு?”

“ஒரு விளக்குக்கு.” அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. “எடிட்டர்ல ரெக்கார்டுன்னு ஒரு பட்டன் உண்டு. அது ஆன்ல இருந்தா, திரையில எதை நகர்த்தினாலும் அந்த நொடிக்கு ஒரு வைரம் தானா விழுந்துடும். வேலை பண்றவங்களுக்கு ரொம்ப வசதி. அணைக்க மறந்தா வம்பு. அதனால பளிச்சுனு சிவப்பா, பெருசா ஒரு விளக்கு வெச்சிருந்தேன். வரிசைல அது மட்டும் துருத்திக்கிட்டு நிக்குதுன்னு அண்ணன் அதைச் சாம்பல் கலர்ல, மத்த பட்டன் அளவுக்குச் சின்னதா மாத்திட்டான். எனக்குக் கோவம் வந்துடுச்சு. இப்படி வெச்சா நாலு பேர் முன்னாடி நீதான் அசிங்கப்படுவேன்னு கத்தினேன்.”

“அடக் கடவுளே,” என்றாள் வாலு. “அது மிரட்டல் இல்ல. எச்சரிக்கை!”

“அவனுக்கு அப்படிக் கேக்கலையே.”

வெளியே வராந்தாவில் வந்ததும் வாலு விரலை மடக்க ஆரம்பித்துவிட்டாள். “அத்தான், எனக்குப் புரிஞ்சு போச்சு. இதே மாதிரி எடிட்டர் செய்யற வேற எவனோ ஒருத்தன். ராத்திரி ஜன்னல் வழியா உள்ள வந்திருக்கான். தங்கச்சி பேர்ல கம்ப்யூட்டர் திறந்து கிடந்திருக்கு. மவுஸைப் பிடிச்சு ஒரே இழுப்பு. கேஸ் முடிஞ்சுது.”

“அவ்வளவு கஷ்டப்பட்டு ஜன்னல் ஏறிக் குதிச்சவன், தொப்பியைத் தூக்கிக் குப்பையில போடல. நாய் வாயில சொருகல. பத்திரமா எடுத்துத் தலையில வெச்சு, கோணல் இல்லாம நேர் பண்ணிட்டுப் போயிருக்கான்,” என்றார் அத்தான். “கெடுக்க வந்தவன் எதுக்கு வாலு சரி பண்ணிட்டுப் போகணும்?”

வாலுவின் மடங்கிய விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அதற்குள் போன் அடித்தது. அக்கா.

“உங்க அத்தான் பக்கத்துல இருக்காரா? என் கண்ணாடியைக் காணோம். காலைலேருந்து பேப்பர் படிக்க முடியாம தடவிக்கிட்டிருக்கேன். அவர்தான் எங்கயோ எடுத்து வெச்சிருப்பார். கேளு.”

“அத்தான், அக்கா கண்ணாடியை எடுத்தீங்களா?”

“நானா? அதைத் தொடக்கூட இல்லைன்னு சொல்லு,” என்றார் அத்தான், ஊதாப் பிரேமை மூக்கில் ஏற்றி விட்டுக்கொண்டு.

வாலு அந்தப் பிரேமைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். “அக்கா, உன் கண்ணாடி என்ன கலர்?”

“ஊதா. ஏன்?”

“கண்டுபிடிச்சாச்சு. ஆளையும் பிடிச்சாச்சு. சாயங்காலம் ஒப்படைக்கறோம்,” என்று போனை வைத்தாள். “அத்தான், மூக்கைத் தொட்டுப் பாருங்க.”

அத்தான் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று முதல்முறையாக அவர் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்தன.

“சத்தியமா எடுக்கலைன்னு அடிச்சு சொல்லியிருப்பேன் வாலு. பொய் இல்ல. நிஜமாவே தெரியல. கை எடுத்திருக்கு, மண்டைக்குச் சொல்லல.” கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “உன் லேப்டாப்பைக் கொண்டா. தங்கச்சிகிட்ட ஒரு சின்னப் படம் செஞ்சு வாங்கணும்.”

“என்ன படம்?”

“ஒரு ரூம். ஒரு சுவர். அதுல மாட்டின ஒரு போட்டோ. அவ்வளவுதான்.”

“அதுல என்ன துப்பு இருக்கு?”

“இனிமேதான் வரும்,” என்று சொல்லிவிட்டு அத்தான் பின்பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாலுவை உள்ளே விடவில்லை. அவளுக்கு அதுதான் ஆறவே இல்லை.

சிறிது நேரத்தில் எல்லோரும் பெரிய திரை இருந்த அறையில் கூடினார்கள். வாலுவின் லேப்டாப் மேஜைமேல், அதே எடிட்டரோடு திறந்திருந்தது. தங்கை கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவரும் அவள் நின்ற பக்கத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

“உக்காருங்க,” என்றார் அத்தான். “இந்தப் படத்துல ஒரு விஷயம் இருக்கு. நான் யோசிச்சு முடிக்கற வரைக்கும் கவனமா பாத்துக்கிட்டே இருங்க. மவுஸ் உங்ககிட்டயே இருக்கட்டும். எதையும் பண்ண வேண்டாம்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன்காரர் பார்த்தார். திரையில் ஒரு வெறும் அறை. சுவரில் ஒரு போட்டோ சட்டம், ஒரு பக்கமாகக் கொஞ்சம் சரிந்து தொங்கியது. ரொம்ப இல்லை. லாரி போனால் வீட்டில் சரியுமே, அந்த அளவு. அவர் வாட்சைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அத்தானைப் பார்த்தார், அங்கிருந்து மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

“மேடம், அவர் தூங்கறாரா?”

“குறட்டை வரட்டும், சொல்றேன்.”

அண்ணன்காரர் மறுபடி திரையைப் பார்த்தார். “சார், நேரம் ஆகுது. அவங்க வந்துடுவாங்க. எனக்குப் பதில் தெரியணும். என் தங்கச்சி பண்ணினாளா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். இப்படி உக்கார வெச்சுக் கழுத்தறுத்தா என்ன அர்த்தம்? இது என் கம்பெனி, என் மானம்...”

பேசிக்கொண்டே இருந்தார். மவுஸைப் பிடித்த கை மட்டும் அவரிடம் கேட்காமல் தன் பாட்டுக்கு நகர்ந்தது. சட்டத்தின் மூலையைப் பிடித்தது. லேசாகத் திருப்பியது. டக். போட்டோ நேராக நின்றது.

கீழே டைம்லைனில் ஒரு வைரம் விழுந்தது.

வாலுவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். காலண்டர், கோப்பை, விசிட்டிங் கார்டு. காலையிலிருந்து கண்ணெதிரே நடந்ததை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்த தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

“இப்ப என்ன பண்ணீங்க?” என்றார் அத்தான். கண் மூடியேதான் இருந்தது.

“நானா? ஒண்ணும் பண்ணலையே. பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“கீழ பாருங்க.”

அண்ணன்காரர் குனிந்தார். வைரம். மேலே பார்த்தார். நேரான போட்டோ. தன் வலது கையைப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பார்ப்பது போல. தங்கை மெதுவாக அருகில் வந்து நின்றாள்.

“நேத்து சாயங்காலம்,” என்று ஆரம்பித்து நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். “நேத்து சாயங்காலம் என் வீட்டுக்காரி வந்திருந்தா. ஆசையா இதைப் போட்டுக் காட்டினேன். நடுவுல அவளுக்கு ஒரு போன் வந்துச்சு, அதனால படத்தை நிறுத்தினேன். தொப்பி அந்தரத்துல நின்னுச்சு. அப்புறம்... அப்புறம் எனக்கு ஞாபகமே இல்ல சார்.”

“உங்க கைக்கு ஞாபகம் இருக்கு,” என்றார் அத்தான். “தொப்பி தலையை விட்டு மேல, கோணலா இருந்துச்சு. உங்களால சும்மா இருக்க முடியல. ரெக்கார்டு ஆன்ல இருந்துச்சு. அது ஆன்ல இருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியல. ஏன்னா, தெரியக்கூடாதுன்னு மாத்தினது நீங்க. கம்ப்யூட்டர் தங்கச்சி பேர்ல திறந்து கிடந்துச்சு, பழி அவங்க மேல விழுந்துச்சு. எங்களைக் கூப்பிட்டு நீங்க தேடச் சொன்ன ஆள், நீங்கதான்.”

அண்ணன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதை வாலு பார்த்தாள். பெரிய மனுஷர் அழுவதைப் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆனால் காதை மூடிக்கொள்ளவில்லை.

“ரெக்கார்டை ஆன் பண்ணிட்டு அணைக்காமப் போனது நான்தான் அண்ணா,” என்றாள் தங்கை. “சிவப்பைத் தேடியே பழக்கம். சிவப்பு இல்ல, சரி அணைச்சுட்டோம்னு நினைச்சுட்டுப் போயிட்டேன். பாதித் தப்பு என்னோடது.”

“இல்லம்மா. நீ ஒண்ணும் பண்ணல.” அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். “நீ பண்ணல. காலைல நான் பேசினதெல்லாம்... அந்தப் பையில இருக்கற கீபோர்டை வெளிய எடு. தயவு பண்ணி எடுத்துடு.”

அவள் கேட்க நினைத்தது அந்த ஒரு வார்த்தைதான். அது கிடைத்தவுடன், அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அழுதுகொண்டே பெரிய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். அழுதுகொண்டே அதிகப்படி வைரத்தை அழித்தாள். அழுதுகொண்டே பட்டன் வரிசையைத் திறந்து பழைய சிவப்பு விளக்கைக் கொண்டுவந்து போட்டாள். அவசரத்தில் அது வரிசையை விட்டு ஒரு நூல் கீழே இறங்கி நின்றது. அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பத்துப் பேரும் வந்து உட்கார்ந்தார்கள். குண்டு மனிதன் நடந்தான். கல் தடுக்கியது. தொப்பி எகிறி, தலைக்கு மேலே அந்தரத்தில் கோணலாக நின்றது. பிறகு அது வளைந்து போய் நாயின் ஒரு காதை மறைத்துக்கொண்டு உட்கார, நாய் எழுந்து குனிந்தது. சிரிப்பு அறையை நிறைத்தது. இந்த முறை சரியான இடத்தில்.

காலையில் கேள்வி கேட்ட அம்மா மறுபடியும் கையைத் தூக்கினார். “எல்லாம் நல்லா இருக்கு. அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் கொஞ்சம் இறங்கி இருக்கே, கவனிச்சீங்களா?”

வாலு அண்ணன்காரரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மவுஸை நோக்கிப் பாதி தூரம் போனது. நின்றது. திரும்பி வந்து, தங்கையின் தோளில் உட்கார்ந்தது.

“கவனிச்சேங்க,” என்றார் அவர். “அது என் தங்கச்சி வெச்சது. அங்கேயேதான் இருக்கும்.”

பின்வரிசையில் யாரோ குறட்டை விடும் சத்தம் கேட்டது. வாலு அத்தானின் சட்டைப் பையிலிருந்து அக்காவின் கண்ணாடியை எடுத்துத் தன் கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டாள்.